தமிழும் மலையாளமும் தாங்கும் வேர்ட்பிரஸ் தீம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துக் கடைக்கோ பள்ளிக்கோ இணையதளம் அமைத்தால் ஒரே பக்கத்தில் தமிழும் மலையாளமும் வரும். தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸில் தோற்றத்தைத் தீர்மானிக்கும் கோப்புத் தொகுப்புதான் தீம். ஆங்கிலத்தை மட்டும் மனதில் வைத்த தீம் அங்கே தடுமாறும்.

பிளாக் தீமுக்கு, அதாவது பக்கம் முழுவதையும் பிளாக் எனும் துண்டுகளால் அமைக்கும் தீமுக்கு, ஸ்டைல்.சிஎஸ்எஸ், டெம்ப்ளேட்ஸ் கோப்புறைக்குள் இண்டெக்ஸ்.எச்டிஎம்எல், இரண்டும் கட்டாயம். நிறம், எழுத்துரு, இடைவெளியைத் தீம்.ஜேசன் என்ற அமைப்புக் கோப்பில் வையுங்கள். நிறங்களுக்கு 'பின்னணி', 'அழுத்தம்' என வேலையைச் சொல்லும் பெயரே நல்லது. 'பச்சை' என்று வைத்தால், பயனர் அதைச் சிவப்பாக்கியதும் பெயர் பொய்யாகிவிடும்.

அதிகம் சொதப்புவது எழுத்துதான். நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ சான்ஸ் மலையாளம் இரண்டும் திறந்த உரிமம் கொண்டவை, தீமுக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள். வரி உயரம் 1.7 வையுங்கள். 1.2 என்றால் மலையாளத்தின் அடுக்கெழுத்துகள் கீழ்வரியில் இடிக்கும், தமிழின் மேல்சுழிகள் மேல்வரியைத் தொடும். பொத்தானுக்கு நிலையான அகலம் தரவே கூடாது: 'தொடர்புகொள்ளுங்கள்' என்ற ஒரே சொல் வெளியே வழிந்துவிடும். 360 பிக்சல் அகலத் திரையில் மெனுவைச் சோதியுங்கள்.

வேர்ட்பிரஸ் களஞ்சியத்தில் பகிர, ஜிபிஎல் என்ற திறந்த மென்பொருள் உரிமத்துக்கு ஒத்துப்போகும் உரிமம் வேண்டும். படங்களுக்கும் அதே விதிதான். அவற்றின் உரிமத்தை ரீட்மீ என்ற விளக்கக் கோப்பில் குறிப்பிடுங்கள். டெக்ஸ்ட் டொமைனும் (மொழிபெயர்ப்பைத் தீமோடு இணைக்கும் அடையாளப் பெயர்) தீமின் கோப்புறைப் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் மொழிபெயர்ப்பு ஏறாது. முன்னோட்டப் படம் 1200×900 பிக்சல். களஞ்சிய விதிகளைச் சோதிக்கும் தீம் செக் செருகுநிரலை ஓட்டிவிட்டு அனுப்புங்கள்.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் பதிப்பு எண்ணை உயர்த்துங்கள், இல்லையேல் பயனருக்குப் புதுப்பிப்பு போகாது. பயனர் தீம் கோப்பை நேரடியாகத் திருத்தினால் அந்தத் திருத்தம் அடுத்த புதுப்பிப்பில் அழிந்துவிடும். மூலத் தீமைத் தொடாமல் மாற்றங்களைத் தனியாக வைக்கும் சைல்டு தீமைப் பயன்படுத்தச் சொல்லி ரீட்மீயின் முதல் பத்தியிலேயே எழுதிவையுங்கள்.