33550336: பெரிய எண்ணைப் பேனாவும் தாளும் வைத்துப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

எட்டு இலக்க எண் ஒன்றைக் காட்டி "இது என்ன வகை?" என்று கேட்டால் கை தானாகவே கால்குலேட்டரைத் தேடும். இன்றைக்கு அது வேண்டாம். நம் எண் 3,35,50,336. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

படி 1: மேலோட்டமாகப் பாருங்கள்

கடைசி இலக்கம் 6. ஆகவே இரட்டை எண், பகு எண். இலக்கங்களைக் கூட்டினால் 28. அது 3ஆல் வகுபடாது, எனவே நம் எண்ணும் வகுபடாது. இந்த 28ஐ ஓரமாகக் குறித்து வையுங்கள்.

படி 2: பாதியாக்கிக்கொண்டே போங்கள்

16775168, 8387584, 4193792, 2096896, 1048448, 524224, 262112, 131056, 65528, 32764, 16382, 8191.

வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். நான் முதல்முறை பக்கவாட்டில் நெருக்கி எழுதி, ஒன்றை எண்ணாமல் விட்டு, அரை மணி நேரம் வீணாக்கினேன். மொத்தம் 12 முறை. அதாவது, நம் எண் = 2¹² × 8191.

படி 3: 8191 பகா எண்ணா?

சுவாரசியமான இடம் இதுதான். 8191இன் வர்க்கமூலம் 90.5 அளவில் வரும். ஆகவே 90க்குள் இருக்கும் 24 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். 2, 3, 5, 7, 13 ஐந்தும் 8190ஐ மீதியில்லாமல் வகுக்கும். அதனால் 8191இல் மீதி 1. ஐந்து கழிந்தது. இன்னும் 19 பாக்கி.

இதற்கு 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா கண்ட குறுக்குவழி ஒன்று உண்டு. 8191 என்பது 2¹³ − 1. இந்த மாதிரி எண்ணுக்குப் பகா காரணி இருந்தால், அதை 26ஆல் (13இன் இரு மடங்கு) வகுக்கும்போது மீதி 1 வந்தாக வேண்டும். 90க்குள் அப்படி வருபவை 27, 53, 79. 27 பகா எண் இல்லை. 53ஆல் வகுத்தால் மீதி 29. 79ஆல் வகுத்தால் மீதி 54. அவ்வளவுதான், 8191 பகா எண். இரண்டே வகுத்தல்!

படி 4: காரணிகளைக் கூட்டுங்கள்

1, 2, 4 என்று 4096 வரை 13 காரணிகள். கூட்டினால் 8191, தற்செயல் இல்லை. இவை ஒவ்வொன்றையும் 8191ஆல் பெருக்கினால் இன்னொரு 13. ஆக 26 காரணிகளின் கூட்டுத்தொகை 8191 × 8192 = 67100672. இதிலிருந்து நம் எண்ணைக் கழித்தால்? மறுபடியும் 33550336!

தன்னைத் தவிர்த்த காரணிகளைக் கூட்டினால் தானே வரும் எண்தான் நிறைவெண். 6, 28, 496, 8128 ஆகியவற்றுக்கு அடுத்த ஐந்தாவது இது. முதல் படியில் குறித்த 28உம் அதே குடும்பம்தான். அது மட்டும் வெறும் தற்செயல்.

கி.பி. 100 வாக்கில் வாழ்ந்த கிரேக்கக் கணித அறிஞர் நிக்கோமாக்கஸ் முதல் நான்கை வைத்து, ஒவ்வோர் இலக்க அளவுக்கும் ஒரு நிறைவெண் இருக்கும் என்று நினைத்தார். 5, 6, 7 இலக்கங்களில் ஒன்றுகூட இல்லை.

படி 5: மற்ற பெயர்கள்

1 முதல் 8191 வரை கூட்டினால் இதே எண் வரும்; ஆகவே முக்கோண எண். 0, 1 மட்டுமே கொண்ட பைனரியில் எழுதினால் 13 ஒன்றுகள், பின்னால் 12 பூஜ்ஜியங்கள்.

சரி, இனி உங்கள் முறை: 8589869056. 16 முறை பாதியாக்கினால் 131071, அதாவது 2¹⁷ − 1, கிடைக்கும். அதே குறுக்குவழிப்படி (இம்முறை 26க்குப் பதில் 34), அதை 103, 137, 239, 307 என்ற நான்கால் மட்டும் வகுத்துப் பாருங்கள்.