‘இந்த வருஷம் புயலே இல்லை’ என்று செய்தி வந்தால் எப்படிப் படிப்பது

கடலூர் ஓ.டி.யில் (ஓல்டு டவுன்) கருவாடு போட்டு விற்கிறவள் நான். நெத்திலி காய்கிற நேரத்தில் ஒரு தூறல் விழுந்தாலும் புழு வைத்துவிடும். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் வீட்டு டிவியில் சீரியல் ஓடாது, வானிலைதான். “என்னக்கா, இந்த வருஷம் புயலே இல்லையாமே” என்று படகுக்காரப் பையன்கள் கேட்கிறார்கள். நான் பார்க்கிற விதத்தைச் சொல்கிறேன்.

முதலில், இல்லாதது எது என்று பாருங்கள். காற்று மணிக்கு 62 கி.மீ.யைத் தொட்டால்தான் புயல் என்று பெயர் வைப்பார்கள். அதற்குக் கீழே இருந்தால் தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம். இது காற்றை வைத்துப் போட்ட கணக்கு, மழைக்கு இதில் இடமே கிடையாது. 2015 நவம்பரில் ‘புயல் கிடையாது’ என்று டிவியில் கேட்டுவிட்டு மூட்டைகளைத் தரையிலேயே விட்டுவிட்டேன். 9ஆம் தேதி, தீபாவளிக்கு முதல் நாள், பெயரே இல்லாத அந்த ஆழ்ந்த தாழ்வு மண்டலம் புதுச்சேரி பக்கம் கரையேறியது. நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. என் மூட்டைகள் ஊறிய நாற்றம் பொங்கல் வரை போகவில்லை. (அக்கம்பக்கத்தில் யாரும் முகம் சுளிக்கவில்லை, அவரவர் வீட்டு நாற்றமே அவரவருக்குப் போதுமாக இருந்தது.)

அடுத்து, காற்றையும் மழையையும் தனித்தனியாகத் தேடுங்கள். 2011இல் வந்த ‘தானே’ புயல், காற்றுப் புயல். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. 2024 ஃபெஞ்சல் காற்றில் அதற்குப் பக்கத்தில் கூட வராது, ஆனால் புதுச்சேரியில் ஒரு நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. காரணம், அது நகராமல் நின்றது. வானிலை மைய அறிவிப்பில் ‘கடந்த ஆறு மணி நேரத்தில் இத்தனை கி.மீ. வேகத்தில் நகர்ந்தது’ என்று ஒரு வரி இருக்கும். டிவியில் அதை வாசிப்பதே அபூர்வம். எனக்கு அந்த வரிதான் முக்கியம்.

மழையில் ‘கன’ என்றால் ஒரு நாளில் 7 முதல் 11 செ.மீ., ‘மிக கன’ 12 முதல் 20, ‘அதி கன’ அதற்கும் மேல். நம் ஊருக்கு என்ன போட்டிருக்கிறது என்று பார்த்ததோடு நிறுத்தாதீர்கள். ஃபெஞ்சல் கரையேறிய பிறகு திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்துதான் இங்கே கரையோர ஊர்கள் மூழ்கின. அந்த மாவட்டத்து மழையும் நம் மழைதான்.

அலை சுவரில் மோதுகிற வீடியோ வந்தால் தேதியைத் தேடுங்கள். தேதி இல்லையென்றால் தள்ளிவிடுங்கள்.

புயல் வராத வருஷம் ‘காலநிலை மாற்றமெல்லாம் சும்மா’ என்பார்கள், இரண்டு வந்தால் ‘கடலின் கோபம்’ என்பார்கள். ஒரு வருஷத்தை வைத்து இரண்டையுமே சொல்ல முடியாது. முப்பது வருஷக் கணக்கு போட்டுச் சொல்கிறார்களா என்று பாருங்கள். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும். எண்ணிக்கை குறைந்தாலும், வருகிற ஒன்று கூடுதலாகக் கொட்டலாம்.

டிசம்பர் முதல் வாரமே ‘சீசன் முடிந்தது’ என்று எழுதிவிடுவார்கள். ‘தானே’ புயல் வந்தது டிசம்பர் 30. என் மூட்டைகள் பொங்கலுக்குத்தான் பரணிலிருந்து இறங்கும்.