அமெரிக்க ஆஃபரில் ஆர்.எஸ்.யு. இருக்கிறதா? 22 சதவீத வரிப் பிடித்தத்தை நம்பாதீர்கள்

எஸ்.எஸ்.என். என்ற சமூகப் பாதுகாப்பு எண், வேலை செய்யும் தகுதியைக் காட்டும் ஐ-9 படிவம், வங்கிக் கணக்கு எல்லாம் அமெரிக்கா வந்த சில வாரங்களில் முடிந்துவிடும், எச்.ஆர். கேட்கும் காகிதங்களைக் கொடுத்தால் போதும். நம்மவர்கள் கோட்டை விடுவது சம்பளக் கணக்கில்தான்.

ஊர் சி.டி.சி. போல எல்லாவற்றையும் ஒரே தொகையாகப் பார்க்காதீர்கள். வங்கிகளில் அடிப்படைச் சம்பளமும் ஆண்டு போனஸும்தான் முக்கியம். போனஸ் கொடுக்கும் நாளில் வேலையில் இருந்தால்தான் காசு என்பது அங்கே வழக்கமான நிபந்தனை, ராஜினாமா தேதியை அதற்கேற்ப வையுங்கள். பல்கலைக்கழகங்களில் சம்பளம் குறைவு. ஆனால் அவை எச்-1பி வேலை விசா லாட்டரிக்குள் வராது, அது சின்ன விஷயமில்லை. ஸ்டார்ட்அப் தரும் ஆப்ஷனை, அதாவது குறித்த விலையில் பங்கு வாங்கும் உரிமையை, வேலையை விட்டபின் பெரும்பாலும் 90 நாளுக்குள் காசு கட்டி வாங்க வேண்டும்.

பெரிய டெக் கம்பெனிகள் தருவது ஆர்.எஸ்.யு., அதாவது வேலையில் நீடித்தால் தவணையாக நம் கைக்கு வரும் கம்பெனிப் பங்கு. பலரைச் சுட்டது இதுதான். 100 பங்கு வெஸ்ட் ஆனால், அதாவது உங்களுக்கே சொந்தமானால், கணக்கில் ஏறக்குறைய 70தான் வந்து விழும். மீதியை மத்திய வருமான வரிக்கும் மற்ற வரிகளுக்குமாக விற்றுவிடுவார்கள். ஊரில் கம்பெனி நம் வரி விகிதத்துக்கே டி.டி.எஸ். பிடிக்கும், அதனால் இங்கும் வரி தீர்ந்தது என்று நினைத்துவிடுகிறோம். தீரவில்லை. பங்குக்குப் பெரும்பாலான கம்பெனிகள் பிடிக்கும் மத்திய வருமான வரி ஒரே விகிதம், 22 சதவீதம். நீங்கள் 32 சதவீத அடுக்கில் இருந்தால், 60,000 டாலர் பங்குக்குக் கட்ட வேண்டியது 19,200, பிடித்தது 13,200. மிச்சம் 6,000 டாலரை ஏப்ரலில் கையிலிருந்து எடுத்து வைக்க வேண்டும், குறைவாகக் கட்டியதற்கு அபராதமும் சேரலாம். இதை எந்த ஓரியன்டேஷனிலும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதுதான் எரிச்சல்.

வழி எளிது. சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று கம்பெனிக்குச் சொல்லும் டபிள்யூ-4 படிவத்தில் 4(சி) என்ற கட்டத்தில், ஒவ்வொரு சம்பளத்திலும் கூடுதலாகப் பிடிக்க வேண்டிய தொகையை எழுதலாம். 6,000 குறைகிறது, ஆண்டில் இன்னும் 12 சம்பளம் பாக்கி என்றால் 500 என்று போடுங்கள். ஆண்டு பிறந்ததும் அதை மறக்காமல் திருத்துங்கள்.

பங்கை விற்றவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பங்கு விற்றதைக் காட்டி புரோக்கர் அனுப்பும் 1099-பி படிவத்தில் வாங்கிய விலை பல சமயம் பூஜ்யம் என்றோ வெறுமையாகவோ இருக்கும். அப்படியே தாக்கல் செய்தால், கம்பெனி தரும் டபிள்யூ-2 என்ற ஆண்டுச் சம்பளப் படிவத்தில் சேர்ந்து ஏற்கெனவே வரி கட்டிய தொகைக்கு மறுபடி கட்டுவீர்கள். வெஸ்ட் ஆன நாளின் விலையை, வரி தாக்கலோடு இணைக்கும் 8949 படிவத்தில் திருத்திக் காட்டுங்கள்; அந்த விலை புரோக்கர் தரும் துணை அறிக்கையில் இருக்கும், தனியாகத் தரவிறக்க வேண்டும்.