வகுப்பில் கேள்வி கேட்டுக் கற்பிக்கத் தொடங்கும் ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி ஆசிரியர்களுக்கான மேம்பாட்டுப் பயிற்சிகளில் சில ஆண்டுகளாக வகுப்பெடுத்து வருகிறேன். பயிற்சியின் கடைசி நாளில், பங்கேற்பவர் ஒவ்வொருவரும் பதினைந்து நிமிடம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். பின்வரிசையில் அமர்ந்து அதைப் பார்க்கும்போது, இயற்பியல் ஆசிரியராகச் சேர்ந்த புதிதில் நான் செய்த பிழைகள் அப்படியே திரும்ப வருவதைக் காண்கிறேன். திரையில் இருப்பதை வரிவரியாக வாசிப்பது, கரும்பலகையைப் பார்த்தபடியே பேசுவது போன்றவை எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். மாணவர்களைப் பேசவைக்க வேண்டும் என்ற உண்மையான விருப்பத்தோடு முயல்பவர்களே தவறிவிடும் இடங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

விடையைத் தீர்மானிக்கும் முன்பே கலந்துரையாட விடுதல்

முதலாண்டு வகுப்பில், ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்னும் நியூட்டனின் மூன்றாம் விதியை நடத்திய பின் ஒரு கேள்வி கேட்டேன். கனமான லாரியும் சிறிய காரும் நேருக்கு நேர் மோதும்போது எது எதன்மீது அதிக விசையைச் செலுத்துகிறது? கேட்ட கையோடு, “பக்கத்தில் இருப்பவரோடு பேசி முடிவு செய்யுங்கள்” என்றேன். வகுப்பு கலகலப்பானது. ஐந்து நிமிடம் கழித்து, இரண்டு விசைகளும் சமம் என்பவர்கள் கை உயர்த்துங்கள் என்றதும், எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கும் மாணவி கை உயர்த்தினார். அடுத்த நொடியில் வகுப்பு முழுவதும் கை உயர்ந்தது. நிறைவோடு அடுத்த பாடத்துக்குச் சென்றுவிட்டேன்.

அகமதிப்பீட்டுத் தேர்வில் அதே விதியை வேறு வடிவில் கேட்டபோது, பாதிக்கும் மேற்பட்டோர் கனமான பொருளே அதிக விசையைச் செலுத்தும் என்று எழுதியிருந்தார்கள். ஒரு மாணவரை அழைத்துக் கேட்டேன். “அன்றைக்கும் லாரி என்றுதான் நினைத்தேன், மேடம். எல்லாரும் கை தூக்கினார்கள், நானும் தூக்கினேன்” என்றார். அவர் தம் எண்ணத்தை ஒரு முறைகூட வெளியே சொல்ல நான் வாய்ப்பளிக்கவில்லை. அந்த எண்ணம் யாரோடும் மோதவில்லை. எந்த மாற்றமும் இல்லாமல் தேர்வுத்தாள் வரை வந்து சேர்ந்துவிட்டது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் எதிர்கொண்டதும் இதே சிக்கலைத்தான். 1990-இல் தம் மாணவர்களுக்கு விசை பற்றிய அடிப்படைக் கருத்துத் தேர்வு ஒன்றைக் கொடுத்தபோது, நீங்கள் கற்பித்தபடி விடை எழுதுவதா, நான் இயல்பாக நினைக்கிறபடி எழுதுவதா என்று ஒரு மாணவி கேட்டிருக்கிறார். அதன் பிறகு மஸூர் உருவாக்கிய சகமாணவர் கற்பித்தல் முறையில் வரிசை மிகத் தெளிவானது. கேள்வியைக் காட்டுதல், ஓரிரு நிமிடம் தனியாக யோசித்தல், தனியாக விடையைப் பதிவு செய்தல், வேறு விடை சொன்னவரோடு விவாதித்தல், மீண்டும் பதிவு செய்தல், கடைசியாக ஆசிரியரின் விளக்கம். நம் பயிற்சிகளில் இம்முறையைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. ஆனால் நடத்திக் காட்டும் நேரம் வரும்போது, இரண்டாவதும் மூன்றாவதுமான படிகளே முதலில் கைவிடப்படுகின்றன. காரணம் கேட்டால் நேரமில்லை என்கிறார்கள். அந்தப் படிகளுக்குத் தேவைப்படுவது இரண்டு நிமிடம். அவை இல்லாவிட்டால் அதன்பின் செலவிடும் எட்டு நிமிடமும் முதல் பெஞ்சில் இருக்கும் நான்கு பேருக்கான உரையாடலாகச் சுருங்கிவிடுகிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னைச் சினம் கொள்ளச் செய்யும் தவறு இதுதான். ஏனெனில் இதனால் இழப்புக்கு உள்ளாகிறவர் எப்போதும் பின்வரிசையில் அமைதியாக இருக்கும் மாணவர். வகுப்பு நன்றாக நடந்தது என்று ஆசிரியர் நம்பிவிடுவதால், அந்த இழப்பு தேர்வு வரும்வரை யார் கண்ணிலும் படுவதில்லை.

இதற்குக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒரு தாளை நான்காக மடித்து பகுதிக்கு ஒன்றாக அ, ஆ, இ, ஈ என்று விடைத் தெரிவுகளின் எழுத்துகளைப் பெரிதாக எழுதி, விடைக்குரிய பகுதி மட்டும் ஆசிரியருக்குத் தெரியும்படி அனைவரும் ஒரே நேரத்தில் மார்போடு சேர்த்துப் பிடித்தால் போதும். தலைக்கு மேலே பிடித்தால் பின்னால் இருப்பவர்கள் பார்த்து மாற்றிக்கொள்வார்கள். அதற்கும் முன்பே விடையைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை மாற்ற மனம் எளிதில் இசைவதில்லை. கைபேசி வழியாக வாக்கெடுப்பவர்கள், முதல் சுற்றின் முடிவைத் திரையில் காட்டாதீர்கள். பெரும்பான்மை எந்தப் பக்கம் என்று தெரிந்த கணத்தில் விவாதம் நின்றுவிடும்.

முதல் சுற்றில் ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காட்டினர் சரியாகச் சொன்னால் விவாதத்துக்கு அனுப்பலாம். அதற்குக் குறைவாக இருந்தால் வகுப்பில் விளக்கம் சொல்லத் தெரிந்தவர்கள் போதிய அளவில் இல்லை என்று பொருள். பாடத்துக்குத் திரும்ப வேண்டும். அதைவிட மிகுதியாக இருந்தால் சுருக்கமாக விளக்கிவிட்டு மேலே செல்லலாம். கை உயர்த்தச் சொல்லும் வகுப்பில் இந்த எண்ணிக்கையை நம்பவே முடியாது.

கேள்வியைக் கேட்டுவிட்டு விடையையும் தாமே சொல்லுதல்

அமெரிக்கப் பள்ளி அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, கேள்விக்குப் பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடியளவே காத்திருப்பதைக் கண்டார். மூன்று நொடிக்கு மேல் காத்திருந்தபோது விடைகள் நீண்டன. வழக்கமாகப் பேசாத மாணவர்களும் பேசினர். கல்லூரி வகுப்புக்கும் இது பொருந்துவதை நானே கண்டிருக்கிறேன். மனத்துக்குள் ஐந்துவரை எண்ணுங்கள்.

ஒரே செமஸ்டரில் எல்லாவற்றையும் மாற்ற முயலுதல்

முதலில் ஒரு பாடம், வாரத்துக்கு இரண்டு கேள்விகள் என்று தொடங்கினால் போதும்.

வகுப்பில் ஒன்றும் தேர்வில் வேறொன்றும் கேட்டல்

செமஸ்டர் முழுவதும் கருத்தை விவாதிக்க வைத்துவிட்டு, அகமதிப்பீட்டில் வரையறையையும் சூத்திரங்களை வருவித்தலையும் மட்டும் கேட்டால், எதைப் படிக்க வேண்டும் என்று மாணவர்கள் உடனே முடிவு செய்துவிடுவார்கள். இணைவுக் கல்லூரி ஆசிரியரால் பல்கலைக்கழக வினாத்தாளை மாற்ற இயலாது என்பது உண்மைதான். அகமதிப்பீட்டு வினாத்தாளைத் தயாரிப்பது பெரும்பாலும் நாமே. அதில் ஒரு வினாவாவது வகுப்பில் விவாதித்த வகையைச் சேர்ந்ததாக இருக்கட்டும்.

குழுவுக்கு எட்டுப் பேர்

மூன்று பேர் போதும்.

மாணவர்களின் முதல் அதிருப்தியைக் கண்டு பின்வாங்குதல்

“மேடம் பாடமே நடத்துவதில்லை” என்று மாணவர்கள் துறைத் தலைவரிடம் சொல்லும் நாள் வரும். எனக்கு மூன்றாவது வாரத்தில் வந்தது. 2019-இல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஆய்வொன்றில், தாமே முயன்று கற்ற மாணவர்கள் தேர்வில் அதிகம் பெற்றிருந்தும், நல்ல விரிவுரையைக் கேட்டவர்களைவிடக் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். முயன்று கற்கும்போது ஏற்படும் திணறலை, கற்கவில்லை என்பதன் அறிகுறியாக அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். எனவே முதல் வகுப்பிலேயே இதை அவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். துறைத் தலைவரிடம் பேசும்போது, அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்த 2014-ஆம் ஆண்டு ஆய்வின் எண்களைக் காட்டலாம். விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் தோல்வி விகிதம் 33.8 விழுக்காடு, மாணவர் பங்கேற்ற வகுப்புகளில் 21.8. நான் அவற்றை அச்சிட்டுக் கொண்டு சென்றேன். அந்த செமஸ்டர் முடியும்வரை என் போக்கில் நடத்த அனுமதி கிடைத்தது.