கல்விச் சுற்றுலாவுக்கு நிதி திரட்டும்போது எங்கே சறுக்குகிறோம்?

"நுழைவுக் கட்டணம்தான் இல்லையே, அப்புறம் என்ன செலவு?" அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகும் பேச்சு வந்தாலே யாராவது இப்படிக் கேட்பார்கள். முதல் தவறு அங்கேதான். லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நிரந்தரக் காட்சிகளைப் பார்க்கக் கட்டணம் இல்லை. ஆனால் வாசல்வரை போய்ச் சேர பஸ் வேண்டும், மதியச் சாப்பாடு வேண்டும், உடன் போகும் ஆசிரியரின் வகுப்புகளை அன்று வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். டிக்கெட்டை மட்டும் கணக்குப் போட்டால் கடைசி வாரத்தில் பஸ்ஸுக்குப் பணம் இல்லாமல் சுற்றுலாவே நின்றுபோகும்.

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் 2011-இல் திறக்கப்பட்ட கிரிஸ்டல் பிரிட்ஜஸ் கலை அருங்காட்சியகம் இதைச் சரியாகப் புரிந்துகொண்டது. பஸ், சாப்பாடு, மாற்று ஆசிரியர் என எல்லாச் செலவையும் ஒரு அறக்கொடையிலிருந்து அதுவே ஏற்றது. விண்ணப்பங்கள் குவிந்ததால் குலுக்கல் முறையில் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். போன பிள்ளைகளையும் போகாதவர்களையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டபோது, போனவர்கள் ஓர் ஓவியத்தைக் கூர்ந்து பார்த்து யோசிப்பதில் முன்னேறியிருந்தார்கள். கிராமப்புறப் பள்ளிகளிலும் வறுமை மிகுந்த பள்ளிகளிலும் அந்த முன்னேற்றம் இன்னும் அதிகம். அதனால் பணம் இல்லை என்று நாம் விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக்குத்தான் இழப்பு பெரிது.

அதனால்தான் அடுத்த தவறு எனக்குப் பொறுக்கவே முடியாதது: பணம் கட்டியவர், கட்டாதவர் என்று வகுப்பில் பெயர் வாசிப்பது. "எனக்கு வர இஷ்டமில்லை" என்று ஒரு பிள்ளை சொன்னால், பல நேரம் வீட்டில் பணம் இல்லை என்றே அர்த்தம். இங்கிலாந்தில் பள்ளி நேரத்தில் நடக்கும் கல்விச் சுற்றுலாவுக்கு அரசு நிதியில் நடக்கும் பள்ளிகள் கட்டணம் வாங்கக்கூடாது என்பது 1996-ஆம் ஆண்டுச் சட்டம். பெற்றோர் விரும்பினால் பங்களிக்கலாம். தராதவரின் பிள்ளையை விட்டுவிட்டுப் போகக்கூடாது. சட்டம் இல்லாத இடத்திலும் இதையே பின்பற்றலாம். கடிதத்தில் "முடிந்ததைத் தாருங்கள், தராவிட்டாலும் உங்கள் பிள்ளை வரும்" என்று எழுதுங்கள். யார் எவ்வளவு தந்தார் என்பது அலுவலகத்தைத் தாண்டக்கூடாது. பற்றாக்குறையை ஈடுகட்ட முன்கூட்டியே ஒரு தொகையை ஒதுக்கிவிடுங்கள்.

வெளியே நிதி கேட்கும்போது "மாணவர்களின் அறிவு வளரும்" என்ற பொத்தாம்பொதுவான வரி உதவாது. எந்த வகுப்பு, எந்தப் பாடம், எந்தக் காட்சிக்கூடம், திரும்பி வந்து என்ன செய்வார்கள் என்று எழுதுங்கள். பணம் எப்போது கைக்கு வரும் என்றும் கேளுங்கள். சில நிதியுதவிகள் ரசீதைக் காட்டிய பிறகுதான் வரும். அதுவரை பஸ்காரருக்கு யார் கொடுப்பது?

இன்னொன்று, பலர் ஊரெல்லாம் நன்கொடை கேட்டுவிட்டுக் கடைசியில்தான் அருங்காட்சியகத்துக்கே போன் செய்கிறார்கள். முதல் போன் அங்கே போகட்டும். பள்ளிக் குழுக்களுக்கான சலுகையோ போக்குவரத்து உதவியோ அவர்களிடமே இருக்கலாம், கேட்காதவரிடம் யாரும் தேடி வந்து சொல்வதில்லை.