கருங்கோழி வளர்ப்பு: நிறத்தை நம்பிச் செய்யும் தவறுகள்

கருங்கோழி வாங்கியவர்கள் சில மாதம் கழித்து வந்து கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "முட்டை இட்டுக்கொண்டே இருக்கிறது, எப்போது அடையில் உட்காரும்?" பெரும்பாலான கருங்கோழிப் பெட்டைகள் உட்காரவே உட்காரா. நாட்டுக்கோழி பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டதும் கொக்கரிப்பை மாற்றிக்கொண்டு, சிறகை விரித்து, கூட்டைவிட்டு எழ மறுக்கும். அந்தப் பழக்கம் நம் கண்ணில் ஊறிப்போயிருப்பதால் கருங்கோழியிடமும் அதையே எதிர்பார்க்கிறோம். அது வரும் வரும் என்று காத்திருக்கையில் முட்டைகள் பழசாகிவிடுகின்றன. எட்டு ஆண்டுகளாகக் கொல்லையில் கருங்கோழியும் சிறுவிடை என்னும் நாட்டுக்கோழியும் சேர்த்து வளர்க்கிறேன். முதல் இரண்டு ஆண்டுகளில் நான் இழந்த குஞ்சுகளில் பாதிக்கு மேல், நாட்டுக்கோழிக்குச் செய்வதை அப்படியே இதற்கும் செய்ததால் போனவை.

கடக்நாத் என்ற இந்த இனம் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர், தார் மாவட்டங்களைச் சேர்ந்தது. அங்குள்ள பில், பிலாலா பழங்குடி மக்கள் தலைமுறைகளாக வளர்த்துக் காத்த பறவை. அவர்கள் இதைக் 'காலி மாசி' என்று அழைக்கிறார்கள். 2018இல் ஜாபுவாவின் கடக்நாத் கறிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பிறகு தமிழ்நாட்டிலும் கருங்கோழிக் குஞ்சு விற்பனை சூடுபிடித்தது. வாங்கும்போதே தவறுகளும் தொடங்கிவிட்டன.

கறுப்பாக இருப்பதெல்லாம் கடக்நாத் அல்ல

தோல், நாக்கு, எலும்பு வரை கறுப்பாக இருக்கும் கோழிகள் உலகில் பல உண்டு. இந்தோனேசியாவின் அயம் செமானி, சீனாவின் சில்கி, வியட்நாமின் மோங் கோழி எல்லாம் அப்படித்தான். இந்தக் கருமைக்குக் காரணம் கோழியின் 20ஆவது குரோமோசோமில் ஏற்பட்ட ஒரு மாற்றம். நிறமிச் செல்கள் உடலெங்கும் பெருகிப் பரவ அது வழிசெய்கிறது. அந்தக் குணம் ஓங்கு குணம் என்பதுதான் நமக்கு முக்கியம். தாய், தந்தை இருவரில் ஒருவரிடம் இருந்தாலே குஞ்சில் வெளிப்பட முடியும்.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. மஞ்சள் கால், வெள்ளைக் கால் கோழிகளில் தோலின் கருமையைத் தடுக்கும் ஒரு மரபணு உண்டு. அது பாலினக் குரோமோசோமில் அமர்ந்திருக்கிறது. கோழிகளில் தாய் தன் 'இசட்' குரோமோசோமைச் சேவல் குஞ்சுகளுக்கு மட்டுமே கொடுக்கும். எனவே கருஞ்சேவலை மஞ்சள் கால் நாட்டுப் பெட்டையோடு சேர்த்தால், பிறக்கும் பெட்டைக் குஞ்சுகள் கருமையாகவும் சேவல் குஞ்சுகள் வெளிறியும் இருக்கும். பேட்சன், பன்னெட் என்ற இரு மரபியலாளர்கள் சில்கி கோழிகளை வைத்து 1911லேயே இந்த விந்தையை எழுதிவிட்டார்கள். ஆக, கலப்பில் பிறந்த பெட்டையும் கறுப்பாகவே நிற்கும். அதைத் தூய கடக்நாத் என்று நம்பி வாங்கி, அதன் முட்டையைப் பொரிக்க வைத்த பிறகுதான் வெளிறிய தோல் கொண்ட குஞ்சுகள் தலைகாட்டக்கூடும்.

அதனால் ஒற்றைப் பறவையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். தாய்க்கூட்டத்தைப் பாருங்கள், சேவல்களைக் கட்டாயம் பாருங்கள். கடக்நாத்துக்கு ஒற்றைக் கொண்டை, நான்கு விரல். ஐந்து விரலோ காலில் இறகோ இருந்தால் சில்கி கலந்திருக்கிறது. குஞ்சுகள் நீலங்கலந்த கறுப்பாக, முதுகில் ஒழுங்கற்ற கருங்கோடுகளுடன் இருக்கும். இறகில் வெள்ளைக் கீற்றோ பொன்னிறமோ இருப்பதைக் குறையாக நினைத்துக் கழித்துவிட வேண்டாம். முழுக் கறுப்பு, கீற்றிறகு, பொன்னிறம் என இந்த இனத்திலேயே மூன்று வகைகள் இருக்கின்றன. "நன்றாக அடையில் உட்காரும் கருங்கோழி" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால் நான் கொஞ்சம் யோசிப்பேன். விதிவிலக்காக உட்காரும் தூய பெட்டைகளும் உண்டு என்றாலும், அது நாட்டுக்கோழிக் கலப்பின் அறிகுறியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கறுப்பு முட்டை என்று காட்டி விற்பவர்களிடம் எதுவும் வாங்க வேண்டாம். கருங்கோழி முட்டை இளம்பழுப்பு நிறம்தான்.

கொல்லையில் நாட்டுச் சேவலும் இருந்தால் இன்னொரு தவறு நேர்கிறது. நாட்டுச் சேவலைப் பிரித்துவிட்டு மறுநாளிலிருந்தே பொரிக்க முட்டை சேர்ப்பது. பெட்டையின் உடலுக்குள் சேவலின் விந்து இரண்டு வாரத்துக்கு மேலும் உயிரோடு தங்கியிருக்கும். பிரித்த பிறகு மூன்று வார முட்டைகளைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பின் வருவதைப் பொரிக்க வையுங்கள். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். அந்தச் சேவல் வேறிடத்திலிருந்து வந்ததாக இருக்கட்டும். ஒரே ஈட்டில் பொரித்த உடன்பிறப்புகளையே இணை சேர்த்தால், ஓட்டுக்குள்ளேயே சாகும் குஞ்சுகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும்.

முட்டையைச் சேர்ப்பதில்

கோடைக் காலத்தில் நம் வீட்டுக்குள் 35 டிகிரி இருக்கிறது. அந்தச் சூட்டில் முட்டைக்குள் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிப் பிறகு செத்துவிடும். பார்க்க நல்ல முட்டையாகத்தான் இருக்கும். பொரிக்கும் முட்டைக்கு 15 முதல் 18 டிகிரி வரையிலான குளிர்ச்சி ஏற்றது. நான் அகன்ற மண்பானையின் அடியில் மணல் போட்டு நனைத்து, மேலே சாக்கை விரித்து, முட்டையின் அகன்ற முனை மேலே இருக்கும்படி நிறுத்துகிறேன். குளிர்ந்த மாதங்களில் ஏழு நாள் வரை வைப்பேன். சித்திரை வெயிலில் நான்கு நாளுக்கு மேல் வைப்பதில்லை. குளிர்பதனப் பெட்டி பொரிக்கும் முட்டைக்கு மிகவும் குளிர்.

எச்சம் ஒட்டிய முட்டையைக் கழுவி வைக்கிறார்கள். கழுவும்போது ஓட்டின் மேலுள்ள காப்புப் படலம் போய், கிருமி உள்ளே இறங்குகிறது. லேசான அழுக்கை உலர்ந்த துணியால் தட்டிவிடலாம். மோசமான அழுக்கு என்றால் அந்த முட்டையைப் பொரிக்க வைக்காமலிருப்பதே மேல். தொலைவிலிருந்து பஸ்ஸிலோ பார்சலிலோ வந்த முட்டையை வந்த கையோடு பொரிக்கும் இயந்திரத்தில் அடுக்கக் கூடாது. முட்டையின் அகன்ற முனையிலுள்ள காற்றறை குலுங்கியிருக்கும், அது நிலைகொள்ள ஒரு நாள் முழுக்க அசையாமல் இருக்க வேண்டும்.

நாட்டுக்கோழியை வளர்ப்புத்தாயாக்கும்போது

நல்ல சிறுவிடைப் பெட்டை ஒன்று அடைக்கு வந்திருந்தால் எந்த இயந்திரமும் அதற்கு ஈடில்லை. கருங்கோழி முட்டை சற்றுச் சிறியது என்பதால் பன்னிரண்டு, பதின்மூன்று முட்டையை ஒரு சிறுவிடை தாராளமாக மூடிக்கொள்ளும். அதற்கு மேல் வைத்தால் ஓரத்து முட்டைகள் முறைவைத்துக் குளிர்ந்து எல்லாமே கெடும்.

அடை வைக்கும்போது கூடையில் இரும்புத் துண்டும் கரியும் காய்ந்த மிளகாயும் போடுவது எங்கள் ஊர் வழக்கம். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். என் அம்மா இன்றும் போடுகிறார், நான் தடுப்பதில்லை. ஆனால் அடைக்கோழியைக் கூட்டைவிட்டு விரட்டுவதில் இடியைவிடக் கோழிப்பேன் கொடியது. பேன் ஏறிய பெட்டை பத்தாம் நாள், பன்னிரண்டாம் நாள் எழுந்து போய்விடும். அடை வைக்கும் முன்பே கோழியின் சிறகுக்கடியிலும் பின்புறத்திலும் இறகை விலக்கிப் பாருங்கள். பேன் இருந்தால் அதைத் தீர்த்துவிட்டே உட்கார வையுங்கள்.

எல்லா முட்டையையும் ஒரே நாளில், இருட்டிய பிறகு வையுங்கள். ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். மற்றப் பெட்டைகள் அதே கூட்டில் வந்து முட்டையிட்டுவிட்டுப் போகும். கோடில்லாததை அன்றன்றே எடுத்துவிடலாம். பொரித்ததும் இரண்டு நாள் அருகிலிருந்து கவனியுங்கள். நாட்டு முட்டையும் கருங்கோழி முட்டையும் கலந்து வைத்த ஈட்டில், சில தாய்கள் நிறம் வேறுபட்ட குஞ்சைக் கொத்தித் துரத்தும். என் கோழி ஒன்று மூன்று கருங்குஞ்சுகளை மண்டையில் கொத்திக் கொன்றது. அன்றிலிருந்து ஓர் ஈட்டில் ஒரே இனத்து முட்டையைத்தான் வைக்கிறேன்.

இயந்திரத்தில் பொரிக்கும்போது

இன்குபேட்டரின் முகப்பில் ஒளிரும் எண்ணை அப்படியே நம்புவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. விசிறி உள்ள இயந்திரத்தில் முட்டைக்குத் தேவை 37.5 டிகிரி. ஒரு டிகிரி கூடுதலாக ஓடினால் குஞ்சு முன்கூட்டியே, தொப்புள் மூடாமல் வரும். குறைவாக ஓடினால் இருபத்திரண்டு, இருபத்துமூன்றாம் நாள் வரை இழுத்துக்கொண்டு பலவீனமாக வரும். மலிவான கருவிகளில் அந்த எண் பிசகுவது சாதாரணம். என் முதல் இயந்திரம் 37.5 என்று காட்டியபோது உள்ளே 39 இருந்தது. 48 முட்டையில் 6 குஞ்சு. முட்டை மட்டத்தில் தனியாக ஒரு வெப்பமானி வையுங்கள். அந்த வெப்பமானி சரியா என்று அறிய, இளஞ்சூடான நீரில் அதையும் வீட்டிலுள்ள காய்ச்சல் வெப்பமானியையும் சேர்த்துப் பிடித்து ஒப்பிடுங்கள். முட்டை வைப்பதற்கு முன் ஒரு நாள் முழுக்க இயந்திரத்தை வெறுமனே ஓட்டிப் பாருங்கள்.

ஈரப்பதம் முதல் 18 நாட்களுக்கு 50 முதல் 55 சதவீதம், கடைசி மூன்று நாட்களுக்கு 65 முதல் 70. கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் தண்ணீர்த் தட்டில் நீர் ஊற்றாமலேயே 60ஐத் தாண்டிவிடும். அந்த நாட்களிலும் வழக்கப்படி நீர் ஊற்றுபவர்கள் பலர். முட்டைக்குள் காற்றறை வளர இடமில்லாமல், முழுதாக வளர்ந்த குஞ்சு கடைசி நேரத்தில் மூச்சுமுட்டிச் சாகிறது. ஏழாம் நாளும் பதினான்காம் நாளும் இருட்டறையில் டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பார்த்தால் ஈரம் கூடுதலா என்பதைக் காற்றறையின் அளவே சொல்லிவிடும். அப்போதே கூமுட்டைகளையும் கழித்துவிடலாம். விட்டுவைத்தால் ஒன்று வெடித்து மற்ற எல்லாவற்றையும் நாறடிக்கும்.

பதினெட்டாம் நாளோடு முட்டையைத் திருப்புவதை நிறுத்திவிட்டு மூடியை மூடினால், பிறகு திறக்காதீர்கள். முதல் கீறல் விழுந்ததும் ஆசையில் மூடியைத் திறந்து திறந்து பார்ப்போம். ஒவ்வொரு முறையும் ஈரம் வெளியேறி, ஓட்டுக்கு உள்ளிருக்கும் சவ்வு உலர்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். கீறல் விழுந்த குஞ்சு முழுதாக வெளிவர ஒரு நாள் கூட ஆகலாம். அந்த நேரத்தில்தான் அது சவ்வின் ரத்தத்தையும் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவையும் உடலுக்குள் இழுத்துக்கொள்கிறது. இரக்கப்பட்டு ஓட்டைப் பிய்த்தால் ரத்தம் கசிந்து இறக்கும். வெளியே வந்தவை இறகு உலரும்வரை உள்ளேயே இருக்கட்டும். அந்த மஞ்சள் கரு இரண்டு நாளைக்குத் தாங்கும், பசியில் சாகாது.

மின்சாரம் போனால் பதறி மூடியைத் திறக்காதீர்கள். மூடி வைத்து, மேலே கனத்த போர்வை போர்த்தினால் இரண்டு மூன்று மணி நேரம் தாக்குப்பிடிக்கும். சற்று நேரக் குளிர்ச்சியைத் தாங்கும் கரு, அதிகச் சூட்டைத் தாங்காது.

குஞ்சுகளும் நோயும்

முதல் வாரம் விளக்கின் கீழ் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைவு. குஞ்சுகள் விளக்கடியில் குவிந்தால் குளிர். விலகி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு. வழுக்கும் செய்தித்தாளை மட்டும் விரித்தால் கால்கள் அகன்று முடமாகும், சாக்கு விரியுங்கள். முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்குப் போடாதீர்கள். அதிலுள்ள கால்சியம் குஞ்சுக்குத் தேவையானதைப் போல மூன்று, நான்கு மடங்கு, சிறுநீரகம் கெடும்.

கருங்கோழிக்கு நோயே வராது என்று விற்பவர்கள் சொல்வதை நம்பித் தடுப்பூசி போடாமல் விடுவது, மற்ற எல்லாத் தவறுகளையும்விட அதிகக் கோழிகளைக் கொல்கிறது. வெள்ளைக்கழிச்சல் வந்தால் கருங்கோழியும் நாட்டுக்கோழியைப் போலவே கூட்டம் கூட்டமாகச் சாகும். முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, நான்காம் வாரத்தில் மறுமுறை, எட்டு வாரத்தில் இறக்கையடியில் ஊசி. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டால் நாள் குறித்துக் கொடுப்பார்கள். மருந்தைப் பனிக்கட்டியில் வைத்து எடுத்துவந்து, கலக்கியதும் உடனே போட்டு முடிக்க வேண்டும்.

நோயைக் கண்டறிவதிலும் கறுப்பு நிறம் நம்மை ஏமாற்றுகிறது. நாட்டுக்கோழியின் கொண்டை வெளிறினால் ரத்தசோகை, நீலம் பாய்ந்தால் மூச்சுத்திணறல் என்று தொலைவிலிருந்தே சொல்லிவிடுவோம். கருங்கொண்டையில் எதுவும் தெரியாது. அம்மைக் கொப்புளமும் கறுப்பு மேல் கறுப்பாக மறைந்துகொள்ளும். அதனால் வாரம் ஒரு முறை, இரவில் கூட்டில் அடைந்த பிறகு, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்கிறேன். கொண்டையையும் கண்ணோரத்தையும் விரலால் தடவினால் சொரசொரப்பு சிக்கும். மார்பெலும்பு கத்தி முனைபோல் துருத்தினால் உடல் இளைத்திருக்கிறது. கழுத்தடியிலுள்ள இரைப்பை மாலையில் நிறைந்திருக்க வேண்டும். காலியாக இருந்தால் அந்தக் கோழியை அன்றிரவே தனியே பஞ்சாரத்தில் கவிழ்த்துவிடுகிறேன்.

வாங்குமுன் ஒரு கணக்கு

ஒரு பெட்டை ஆண்டுக்கு ஏறக்குறைய 80 முதல் 120 முட்டை இடும். முட்டையிடத் தொடங்கவே ஆறு மாதம் ஆகும். வளர்ந்த சேவல் இரண்டு கிலோவை ஒட்டி நிற்கும். பெட்டை ஒன்றரை கிலோவுக்குள்தான். பிராய்லர் மாதிரி எடை கூடும் என்று தீவனத்தைக் கொட்டினால் கொழுப்புதான் ஏறும். குஞ்சு கொடுத்து, வளர்ந்ததும் நாங்களே அதிக விலைக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று எவராவது பெருந்தொகை முன்பணம் கேட்டால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். 2012இல் இப்படி ஈமு கோழிக்குப் பணம் கொடுத்து இழந்த கொங்கு மண்டலத்துக் குடும்பங்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும்.

பத்துப் பெட்டை, ஒரு சேவல், அடைக்கு வரும் இரண்டு சிறுவிடை. கொல்லையில் கருங்கோழி தொடங்க இவ்வளவு போதும். சிறுவிடையை முதலில் வாங்குங்கள்.