மேட்டுக்கு ஜேசிபி ஏறும் முன்பு

குன்னூரில் 22 வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பத்திரம், பட்டா, வில்லங்கம், மனு என்று ஊர்க் காகிதத்தில் பாதி என் கை வழியாகத்தான் போகும். நாலைந்து வருடமாக வாரத்துக்கு ஒருவராவது வந்து இதைக் கேட்கிறார்கள்: "அக்கா, எங்க வீட்டுக்கு மேல இருந்த தேயிலைக் காட்டை வித்துட்டாங்க. அபார்ட்மெண்ட் வருதாம். என்ன பண்றது?"

பாதிப் பேர் வரும்போது ஜேசிபி ஏற்கெனவே மேலே ஏறியிருக்கும். அப்போதும் செய்வதற்கு வேலை இருக்கிறது, ஆனால் கஷ்டம் பத்து மடங்கு. செடியைப் பிடுங்குவதற்கு முன்பே வந்தால் ஒரு மாதத்துக்குள் எல்லாக் காகிதத்தையும் கையில் வாங்கிவிடலாம். என்னென்ன செய்ய வேண்டும் என்று கடையில் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் சர்வே எண் வேண்டும். அது இல்லாமல் எந்த அலுவலகத்திலும் பேச்சு நகராது. விற்றவர் தெரிந்தவர் என்றால் நேரே கேட்டுவிடுங்கள். சொல்லாவிட்டால், அரசின் நில ஆவணத் தளத்தில் உங்கள் சொந்த சர்வே எண்ணைப் போட்டுப் புலப்படத்தை, அதாவது நிலத்தின் எல்லையும் அளவும் காட்டும் படத்தை, எடுங்கள். எஃப்.எம்.பி. என்று கேட்டால் எந்த இ-சேவை மையத்திலும் தெரியும். அதில் சுற்றியுள்ள நிலங்களின் எண்களும் ஓரத்தில் இருக்கும். மேட்டு நிலத்தின் எண் கிடைத்ததும் அதற்கும் புலப்படம், நிலத்தின் வகையும் உரிமையாளர் பெயரும் இருக்கும் அ-பதிவேடு இரண்டையும் எடுங்கள். வில்லங்கத்தைப் பதிவுத்துறைத் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். நிலம் யாரிடமிருந்து யாருக்குப் போனது, அடமானம் ஏதும் இருக்கிறதா என்பது அதில் வந்துவிடும்.

புலப்படத்தை எடுத்து மடித்து வைத்துவிடாதீர்கள். போன வருடம் கேத்தி பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார். படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். கண்ணாடி மேஜைமேல் விரித்து, ஒரு கோட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டே போனார். "இது ஓடைம்மா. எங்கப்பா காலத்துல இதுலதான் தண்ணி மொண்டோம்" என்றார். நேரில் போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் ஓடை இல்லை. மேலே வெட்டிய மண்ணைக் கொட்டி, கால்பந்து விளையாடலாம் போலச் சமமாக்கி வைத்திருந்தார்கள். மூடிவிட்டாலும் மழைத்தண்ணீர் பழைய வழியைத்தான் தேடிவரும். அந்தப் படத்தையும் போட்டோவையும் சேர்த்துத் தாசில்தாருக்கு மனு எழுதினோம். சர்வேயர் வந்து அளந்தார், ஓடையைத் திரும்பத் தோண்டினார்கள். ஒரு தாள் செய்த வேலை அது.

அடுத்தது அனுமதி. நம் மாவட்டத்தில் நகராட்சியோ ஊராட்சியோ கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. 1990இல் அரசு மலைப்பகுதி பாதுகாப்புக் குழுமத்தை அமைத்தது, எல்லோரும் ஹாக்கா என்பார்கள். பட்டியலில் உள்ள மலைக் கிராமங்களில் பெரிய திட்டம் என்றால் அதன் அனுமதி வேண்டும். அதோடு நகர் ஊரமைப்புத் துறையின் திட்ட அனுமதி, வனத்துறை, புவியியல் சுரங்கத்துறை, வேளாண் பொறியியல் துறை ஆகியவற்றின் கருத்து எல்லாம் கோப்பில் இருக்க வேண்டும். தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக்கை வெட்டுவதற்கும், தன் சொந்த நிலமாகவே இருந்தாலும், 1955ஆம் வருட மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி கேட்க வேண்டும். ஜேசிபி, பொக்லைன் ஓட்டவும் போர்வெல் போடவும் தனியாக அனுமதி இருக்க வேண்டும். "அப்ரூவல் ஆயிடுச்சு" என்று யாராவது சொன்னால், எது அப்ரூவல் ஆனது என்று திருப்பிக் கேளுங்கள்.

உயரத்தையும் கேளுங்கள். நீலகிரியில் கட்டட உயரம் என்றதும் எல்லோரும் சொல்லும் எண் 7 மீட்டர். ஆனால் சரிவில் எங்கிருந்து அளப்பது? ரோட்டிலிருந்து பார்த்தால் அடக்கமாக இரண்டு மாடி. கீழே பள்ளத்தில் நம் வீட்டு முற்றத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் நாலு, சில இடத்தில் ஐந்து. ஆகவே வரைபடத்தில் முன்பக்கத் தோற்றத்தோடு நிறுத்தாதீர்கள். குறுக்குவெட்டுப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். மலையை எத்தனை அடிக்கு நேர்குத்தாக வெட்டப் போகிறார்கள் என்பது அதில்தான் தெரியும்.

இதையெல்லாம் வாயால் கேட்டால் பதில் வராது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுத வேண்டும். 30 நாளில் பதில் தர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு உண்டு. "அபார்ட்மெண்டை ஏன் அனுமதித்தீர்கள்" என்று எழுதினால் பதில் கிடைக்காது. விளக்கம் கேட்காதீர்கள், ஆவணம் கேளுங்கள். நான் எழுதிக்கொடுப்பது இப்படி: "மேற்படி சர்வே எண்ணுக்கு வழங்கிய திட்ட அனுமதியின் நகல், ஒப்புதலான வரைபடம் குறுக்குவெட்டுடன், புவியியல் துறை அளித்த அறிக்கையின் நகல், மண் எடுக்க அனுமதித்த கன மீட்டர் அளவு, கழிவுநீர் எங்கே விடப்படும் என்று விண்ணப்பத்தில் காட்டிய படம்." கடைசியில், கோப்பை நேரில் பார்வையிட விரும்புகிறேன் என்று ஒரு வரி சேருங்கள், சட்டம் அதற்கு இடம் தருகிறது. எந்த மனுவானாலும் மூன்று பிரதி எடுத்து ஒன்றில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் இல்லாத மனு கொடுக்காத மனுதான்.

வீடுகளை விற்கிறார்கள் என்றால் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவையும் பார்க்க வேண்டும். நிலம் 500 சதுர மீட்டரையும், அதாவது பன்னிரண்டு சென்ட் சொச்சத்தையும், வீடுகள் எட்டையும் தாண்டினால் தமிழ்நாடு ரெராவில் பதிவு செய்யாமல் விளம்பரமும் கூடாது, அட்வான்ஸும் கூடாது. பதிவு எண்ணைப் போட்டால் அவர்கள் கொடுத்த வரைபடத்தைத் தளத்தில் பார்க்கலாம். அதையும் தகவல் உரிமையில் வந்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வாங்க நினைக்கும் சொந்தக்காரர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்: ஒப்பந்தம் பதிவாகும் முன் பத்து சதவீதத்துக்கு மேல் கொடுக்கத் தேவையில்லை.

சரி, காகிதம் இவ்வளவு போதும். எனக்கு இதைவிட முக்கியம் மண்.

2009 நவம்பரை இங்கே யாரும் மறக்கவில்லை. குன்னூர், கேத்தி, கோத்தகிரி பக்கமெல்லாம் சரிந்து 40 பேருக்கு மேல் போனார்கள். 2024 பிப்ரவரியில் லவ்டேல் காந்தி நகரில் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தபோது பழைய கழிப்பிடக் கட்டடம் இடிந்து விழுந்து 6 பெண் தொழிலாளர்கள் இறந்தார்கள். அன்று மழைகூட இல்லை.

எங்கள் சந்திலும் நடந்தது. 2021 ஐப்பசியில் ஒரு கட்டுமான நிறுவனம் சனி இரவு தொடங்கி ஞாயிறு மாலைக்குள் எங்கள் மேட்டைப் பன்னிரண்டு அடிக்கு நேராக வெட்டிவிட்டது. லீவு நாளில் அலுவலகம் பூட்டியிருக்கும் என்று தெரிந்துதான் செய்தார்கள். மூன்றாம் நாள் மழையில் வெட்டிய முகம் அப்படியே இறங்கியது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர்க் குழாய் மண்ணுக்கடியில் போய்விட்டது, ஒன்பது நாள் குடம் தூக்கினோம். என் மாமியாருக்கு அப்போது எழுபத்தாறு வயது. அவரும் தூக்கினார்.

அதனால் மேட்டில் வேலை தொடங்கும் முன்பே உங்கள் வீட்டைப் படம் எடுத்துவையுங்கள். சுவர், தரை, படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி, எல்லாவற்றையும் தேதியோடு. ஏற்கெனவே இருக்கும் விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். விரிசல் கோட்டைத் தாண்டினால் அடுத்த கோடு, அடுத்த தேதி. என் சமையலறை ஜன்னலுக்குக் கீழே அப்படி நாலு கோடு இருக்கிறது. ஆர்.டி.ஓ. விசாரணையில் "வீடு பழசு, முன்னாடியே விரிசல் இருந்துச்சு" என்று அவர்கள் சொன்னபோது அந்த நாலு கோட்டின் போட்டோவைத்தான் காட்டினேன். அதற்குமேல் அவர்கள் பேசவில்லை.

தண்ணீர்க் கணக்கை நீங்களே போடலாம். எங்கள் மேட்டில் 24 வீடு. வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று அரசுக் கணக்கு. பெருக்கினால் 12,960 லிட்டர். 6,000 லிட்டர் வாட்டர் லாரி தினம் இரண்டு நடை வந்தாலும் போதாது. பெரும்பாலும் கோயம்புத்தூர், பெங்களூர்க்காரர்கள் வாங்கும் வீடு, வருடம் முழுக்கப் பூட்டித்தான் கிடக்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால் 24 வீடும் நிரம்புவது ஏப்ரல், மே மாதத்தில், நம் குழாயில் வாரக்கணக்கில் காற்று மட்டும் வரும் சமயத்தில். உள்ளே போகும் தண்ணீரில் பெரும்பகுதி கழிவாக வெளியே வரும், சரிவில் அது கீழேதான் இறங்கும். கீழே ஊற்றுக்கிணறு இருந்தால் செப்டிக் டேங்க் எங்கே வருகிறது என்பதை முதல் கேள்வியாக வையுங்கள்.

அப்புறம் தெருக்கூட்டம். எல்லோரும் பதறுவது இதற்குத்தான். தெரு இரண்டாகும், நிச்சயம் ஆகும். எங்கள் தெருவில் நிலத்தை விற்றது ஒரு விதவை அக்கா. பச்சைத் தேயிலை விலையில் பறிகூலி கொடுத்தது போக என்ன மிஞ்சும் என்று சிறு விவசாயியைக் கேட்டுப்பாருங்கள். மகள் கல்யாணக் கடனுக்கு அவர் விற்றார், அவர்மேல் தப்பே இல்லை. கொத்தனார் தம்பிகளுக்கு இரண்டு வருட வேலை, ஜீப் ஓட்டும் அண்ணனுக்கு வாடகை. அவர்களுக்கு முன்னால் "அபார்ட்மெண்டே வேண்டாம்" என்று ஆரம்பித்தால் கூட்டம் பத்து நிமிடத்தில் சண்டையாகும். "வெளியூர்க்காரன்" என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள். என் அப்பா இலங்கையிலிருந்து கப்பலில் வந்து இங்கே கொழுந்து எடை போட்டவர். யாரை யார் வெளியூர் என்பது?

நான்கைப் பற்றி மட்டும் பேசுங்கள்: தடுப்புச் சுவர், ஓடை, குடிதண்ணீர், ஆம்புலன்ஸ் திரும்பும் வழி. இந்த நாலில் விற்றவரும் கொத்தனாரும் நம்மோடு ஒத்துப்போவார்கள், அவர்கள் வீடும் அதே சரிவில்தானே இருக்கிறது. டேப் எடுத்துப்போய்ச் சந்தின் குறுகலான இடத்தை எல்லோரும் பார்க்க அளந்து எழுதுங்கள். எங்களுக்கு ஒன்பது அடி வந்தது. அதைப் பார்த்தபின்தான் ஜீப் அண்ணனே கையெழுத்துப் போட்டார். ஊராட்சிப் பகுதியாக இருந்தால் கிராம சபையில் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நிச்சயம் நடக்கும். ஊட்டியில் திங்கள்கிழமை கலெக்டர் குறைதீர் கூட்டத்துக்குப் போகும்போது பத்துப் பேராகப் போங்கள், பேசுவது ஒருவராக இருக்கட்டும்.

லீவு நாளில் இயந்திரம் வந்துவிட்டால் வண்டி எண் தெரியும்படி வீடியோ எடுங்கள், ஓட்டுநரோடு மல்லுக்கு நிற்காதீர்கள், அவர் கூலிக்கு வந்தவர். சரியும் ஆபத்து என்றால் 1077க்குக் கூப்பிடுங்கள், அது மாவட்டப் பேரிடர் எண். வி.ஏ.ஓ.வுக்கும் தாசில்தார் அலுவலகத்துக்கும் அதே வீடியோவை அனுப்பி, திங்கள் காலை எழுத்திலும் கொடுங்கள்.

எங்கள் மேட்டில் கடைசியில் ஆறு மாதம் கழித்து கல்லும் கான்கிரீட்டுமாகத் தடுப்புச் சுவர் எழுந்தது. சுவர் வந்துவிட்டது என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடக் கூடாது. பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியேறத்தான் அதில் குழாய்த் துளைகள் விடுகிறார்கள். முதல் கனமழைக்கு மறுநாள் காலையில் போய் ஒவ்வொரு துளையாகப் பாருங்கள். எங்கள் சுவரில் 18 துளை. பதினொன்றில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, ஏழு காய்ந்து கிடந்தன. அந்த ஏழுக்கும் சாக்கட்டியால் வட்டம் போட்டு, போட்டோ எடுத்து, சைட் என்ஜினீயரைக் கூட்டிவந்து காட்டினேன். கம்பியை விட்டுப் பார்த்தால் உள்ளே சிமெண்ட் அடைத்திருந்தது. குத்தி எடுத்ததும் ஐந்தில் செம்மண் தண்ணீர் பீறிட்டு வந்து அவர் ஷூவை நனைத்தது. மீதி இரண்டைத் துளைபோட ஆள் அனுப்பினார்கள்.